டேட்டாபேஸ் எரர் வந்தால்: பில்லிங் மென்பொருள் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்டவை

ஈரோடு, கரூர், திருப்பூர் பக்கம் மருந்துக்கடை, மளிகைக்கடை, ஜவுளிக்கடை என்று பில்லிங் மென்பொருள் ஓடும் இடங்களுக்குப் போய்ச் சரிசெய்து கொடுப்பது என் வேலை. போனை எடுத்தால் பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "டேட்டாபேஸ் எரர்னு வருதுங்க." அதன் பிறகு வரும் கேள்விகளும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். அவரவர் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் இலவசப் பதிப்பான எக்ஸ்பிரஸை வைத்து ஓடும் மென்பொருட்களுக்குத்தான் இது. டேலி தன் கணக்கைத் தன் சொந்தக் கோப்புகளில் வைத்துக்கொள்ளும். அதற்கு இது பொருந்தாது.

"டேட்டாபேஸ், டேட்டாபேஸ்ங்கறீங்களே, சாஃப்ட்வேர் வேற அது வேறயாங்க?"

வேறுதான். நீங்கள் பார்க்கிற பில் திரை ஒரு புரோகிராம். பில், ஸ்டாக், வாடிக்கையாளர் பாக்கி எல்லாம் எஸ்க்யூஎல் சர்வர் என்ற இன்னொரு புரோகிராமின் பொறுப்பில் இருக்கின்றன. அதற்குத் திரை கிடையாது. விண்டோஸ் எழும்போதே சர்வீஸாக எழுந்து பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். பல கடைகளில் அது முதலாளி உட்காரும் கணினியில்தான் இருக்கும். மற்ற கவுண்டர்கள் வலைப்பின்னல் வழியாக அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்கின்றன.

தகவல் தங்குவது இரண்டு கோப்புகளில். எம்டிஎஃப் என்று முடிவது சரக்கு இருக்கும் கிடங்கு. எல்டிஎஃப் என்று முடிவது என்ன மாறியது என்று வரிசையாக எழுதி வைக்கும் நாட்குறிப்பு. இந்த இரண்டு பெயர்களும் கீழே அடிக்கடி வரும்.

"எரர் வந்தா முதல்ல என்ன பண்றதுங்க?"

திரையை முழுதாக போட்டோ எடுங்கள். ஓகே அழுத்தி மூடிவிட்டு "ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு" என்றால் நானும் உங்களைப் போல ஊகிக்கத்தான் வேண்டும். அந்தச் செய்தியில் எனக்கு வேண்டியது ஒரு எண். 26, 40, 18456, 4060 என்று ஏதாவது இருக்கும். வேலை எந்த இடத்தில் நின்றது என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.

அடுத்து, எல்லாக் கவுண்டரிலும் வருகிறதா, ஒன்றில் மட்டுமா என்று பாருங்கள். சர்வர் கணினியிலேயே மென்பொருள் திறக்கிறதா என்றும் பாருங்கள். சர்வரில் திறந்து கவுண்டரில் திறக்கவில்லை என்றால் கோளாறு வழியில். சர்வரிலேயே திறக்கவில்லை என்றால் சர்வீஸில், லாகினில் அல்லது டேட்டாபேஸில். இந்த இரண்டையும் பார்ப்பதற்கு முன் எதையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யாதீர்கள். நான் பார்த்தவரை கணக்கு தொலைந்த கடைகளில் பல, எரரால் தொலைக்கவில்லை. அவசரத்தில் செய்த ரீஇன்ஸ்டாலால் தொலைத்தன.

"காலையில போட்டதும் எரர் காட்டுது. டீ குடிச்சுட்டு வந்து திறந்தா ஓடுது. என்ன மாயமுங்க?"

சர்வீஸ் எழுந்து முடிப்பதற்குள் நீங்கள் மென்பொருளைத் திறந்துவிடுகிறீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க், நினைவகம் குறைந்த கணினி என்றால் இந்த இடைவெளி சில நிமிடம்கூட நீளும். சில நாள் சர்வீஸ் எழவே எழாது. விண்டோஸ் கொடுக்கும் நேரத்துக்குள் அது பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் விட்டுவிடும்.

சர்வர் கணினியில் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து 'எஸ்க்யூஎல் சர்வர்' என்ற பெயரும் பக்கத்தில் அடைப்புக்குள் 'எஸ்க்யூஎல்எக்ஸ்பிரஸ்' என்றும் இருக்கும் வரியைப் பாருங்கள். 'ரன்னிங்' என்று இல்லாவிட்டால் ஸ்டார்ட் கொடுங்கள். தினமும் இதே கதை என்றால் அதன் தொடக்க வகையை 'ஆட்டோமேட்டிக் டிலேய்ட் ஸ்டார்ட்' என்று மாற்றி, ரெகவரி தாவலில் தோற்றால் மறுபடி தொடங்கும்படி வையுங்கள். ஸ்டார்ட் கொடுத்தும் உடனே நின்றுவிட்டால் அது வேறு சங்கதி. கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கும் எரர்லாக் கோப்பைப் பாருங்கள்.

"சர்வர்ல ஓடுது. ரெண்டாவது கவுண்டர்ல மட்டும் 26னு வருது."

26 என்றால் 'நீங்கள் சொன்ன சர்வரை, அல்லது அதற்குள் இருக்கும் இன்ஸ்டன்ஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை'. (இன்ஸ்டன்ஸ் என்றால் அந்தக் கணினியில் தனிப் பெயரோடு ஓடும் ஒரு எஸ்க்யூஎல் சர்வர்.) பாஸ்வேர்டு வரைக்கும் பேச்சே போகவில்லை.

எக்ஸ்பிரஸ் வழக்கமாக 'கணினிப் பெயர்\எஸ்க்யூஎல்எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் ஓடும். இந்த மாதிரிப் பெயருள்ள இன்ஸ்டன்ஸ் எந்தப் போர்ட்டில் (வலைப்பின்னலில் கணினிக்குள் போகும் எண்ணிட்ட கதவு) கேட்கிறது என்பது நிலையாக இருக்காது. அதனால் கவுண்டர் முதலில் யூடிபி 1434-இல் 'எஸ்க்யூஎல் சர்வர் பிரவுசர்' என்ற உதவி சர்வீஸிடம் போர்ட் எண்ணைக் கேட்கும். எக்ஸ்பிரஸ் போட்டதும் அந்தப் பிரவுசர் அணைந்தே இருக்கும். அதை எழுப்புங்கள், ஃபயர்வாலில் 1434-ஐத் திறங்கள். சர்வர் கணினிக்குள் இந்தச் சுற்று தேவையில்லை. அங்கே ஓடுவதும் இங்கே ஓடாததும் அதனால்தான்.

நான் பிரவுசரை நம்புவதில்லை. எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டிசிபி/ஐபியை எனேபிள் செய்து (இதுவும் எக்ஸ்பிரஸில் முதலில் அணைந்தே இருக்கும்), 'ஐபி ஆல்' பகுதியில் டைனமிக் போர்ட்டை வெறுமையாக்கி, 1433 என்று நிலையாகப் போட்டு, சர்வீஸை ஒருமுறை நிறுத்தி எழுப்பிவிடுவேன். பிறகு கவுண்டரில் சர்வர் பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி வைத்து 1433 என்று கொடுத்தால் போதும். யாரிடமும் வழி கேட்காமல் நேராகப் போய்விடும்.

"எனக்கு 26 இல்லீங்க, 40. ரெண்டும் ஒண்ணுதானே?"

கிட்டத்தட்ட. 40 என்பது 'கனெக்‌ஷன் திறக்க முடியவில்லை' என்ற பொதுப் பேச்சு. அதே செய்தியின் கடைசியில் இன்னொரு எண் இருக்கும், விஷயம் அதில்தான் இருக்கிறது. 53 என்றால் அந்தப் பெயரில் கணினியே தட்டுப்படவில்லை: பெயர் தவறு, வயர் கழன்றிருக்கிறது, அல்லது வேறு வைஃபையில் இருக்கிறீர்கள். 10061 என்றால் கணினி கிடைத்தது, ஆனால் அந்தப் போர்ட்டில் யாரும் காது கொடுக்கவில்லை. சர்வீஸ் நின்றிருக்கலாம், டிசிபி/ஐபி அணைந்திருக்கலாம். 10060 என்றால் கேட்டுக் காத்திருந்தும் பதிலே வரவில்லை, பெரும்பாலும் ஃபயர்வால்.

"பிங் போகுதே, அப்புறம் ஏன் கனெக்ட் ஆகலை?"

பிங் போனால் அந்தக் கணினி உயிரோடு இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். 1433 திறந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு, எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். டெஸ்க்டாப்பில் ஒரு வெறும் நோட்பேட் கோப்பை உருவாக்கி, அதன் கடைசிப் பெயரை டிஎக்ஸ்டி-யிலிருந்து யூடிஎல் என்று மாற்றி, இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். சர்வர் பெயர், லாகின், பாஸ்வேர்டு கேட்கும் ஒரு சிறு திரை வரும். அதில் 'டெஸ்ட் கனெக்‌ஷன்' அழுத்துங்கள். இங்கே வெற்றி, மென்பொருளில் தோல்வி என்றால் வலைப்பின்னலைக் குறை சொல்லாதீர்கள். மென்பொருளின் கான்ஃபிக் கோப்பில் இருக்கும் சர்வர் பெயரையோ பாஸ்வேர்டையோ பாருங்கள்.

"நேத்து ராத்திரி வரைக்கும் ஓடுச்சு. யாரும் ஒண்ணும் தொடலை."

இதைச் சொல்லாத கடை இல்லை. யாரும் தொடாமலே மாறுகிறவை சில உண்டு. இண்டர்நெட் ஆள் வந்து ரௌட்டரை மாற்றிவிட்டுப் போயிருப்பார். சர்வருக்கு வேறு ஐபி கிடைத்திருக்கும், கவுண்டர்கள் பழைய ஐபியையே தேடிக்கொண்டிருக்கும். சர்வர் கணினிக்கு ஐபியை நிலையாக வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

இன்னொன்று: புது ரௌட்டரை விண்டோஸ் 'பப்ளிக் நெட்வொர்க்' என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் முன்பு ஃபயர்வாலில் கொடுத்த அனுமதி 'பிரைவேட்'டுக்கு மட்டும் என்றால் அது இப்போது செல்லாது. நெட்வொர்க் அமைப்பில் போய் பிரைவேட் என்று மாற்றினால் சட்டென்று எல்லாக் கவுண்டரும் உயிர்பெறும். ஃபயர்வாலையே அணைத்துவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். வேண்டாம். காரணத்தை, எஸ்ஏ-வுக்கு (எஸ்க்யூஎல் சர்வரின் முழு அதிகார லாகின்) 1234 வைப்பது பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"லாகின் ஃபெயில்ட்னு வருது. பாஸ்வேர்டு கரெக்டாத்தான் போடறனுங்க."

எந்தப் பாஸ்வேர்டு என்பதுதான் கேள்வி. நீங்கள் கேஷியர் பெயர் போட்டு உள்ளே போகிறீர்களே, அது மென்பொருளின் பாஸ்வேர்டு. மென்பொருள் உங்களுக்குத் தெரியாமல் எஸ்க்யூஎல் சர்வரிடம் இன்னொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுக்கிறது. 18456 எண்ணோடு வரும் எரர் இந்த இரண்டாவதைப் பற்றியது. நீங்கள் எத்தனை முறை உங்கள் பாஸ்வேர்டைத் திருத்திப் போட்டாலும் பயனில்லை.

திருடனுக்குத் துப்புக் கொடுக்கக் கூடாது என்று, கவுண்டர் திரையில் காரணத்தைச் சொல்லாமல் 'ஸ்டேட் 1' என்று மட்டுமே காட்டும். உண்மையான காரணம் சர்வரின் எரர்லாக்கில் இருக்கும். அங்கே ஸ்டேட் 5 என்றால் அந்தப் பெயரில் லாகினே இல்லை. 8 என்றால் பாஸ்வேர்டு தவறு. 58 என்றால் சர்வர் விண்டோஸ் லாகினை மட்டும் ஏற்கும்படி இருக்கிறது, எஸ்க்யூஎல் லாகினை எடுக்காது. 58-க்கு, மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ என்ற எஸ்க்யூஎல் நிர்வாகக் கருவியைத் திறந்து சர்வர் பிராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி பக்கத்தில் 'மிக்ஸ்டு மோட்' தேர்ந்தெடுத்து சர்வீஸை நிறுத்தி எழுப்ப வேண்டும். எழுப்பாமல் "மாத்திட்டேன், வேலை செய்யலை" என்று வந்தவர்கள் நிறைய. அதே வரியில் எந்த ஐபியிலிருந்து முயற்சி வந்தது என்பதும் இருக்கும்.

"எஸ்ஏ பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாதுங்க. போட்டுக் கொடுத்த தம்பி வேலையை விட்டுப் போயிட்டான்."

சர்வர் கணினியின் விண்டோஸ் அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருந்தால் வழி உண்டு. எஸ்க்யூஎல் சர்வீஸை நிறுத்தி, ஒற்றை ஆள் முறையில் எழுப்பினால், அந்தக் கணினியின் விண்டோஸ் அட்மின் முழு அதிகாரத்தோடு உள்ளே போகலாம். போய் எஸ்ஏ பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, பழையபடி எழுப்ப வேண்டும்.

இந்த முறையில் ஒரே ஒரு கனெக்‌ஷனுக்குத்தான் இடம். எல்லாக் கவுண்டரையும் மூடிவிட்டு ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் ஏதோ ஒரு கவுண்டர் உங்களுக்கு முன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புதுப் பாஸ்வேர்டை மென்பொருளின் கான்ஃபிகிலும் மாற்ற வேண்டும் என்பதை மறந்தால், மேலே சொன்ன ஸ்டேட் 8 உங்களை வரவேற்கும்.

"கடைக்குள்ளயேதானே ஓடுது. எஸ்ஏ-வுக்கு 1234 வெச்சா என்ன கெட்டுப்போச்சு?"

கடைக்குள்ளேயே இருந்தால் உங்கள் பையன் ஒருவனுக்குத்தான் பயப்பட வேண்டும். ஆனால் "வீட்டிலிருந்து ரிப்போர்ட் பாக்கணும்" என்று யாரோ ரௌட்டரில் 1433-ஐ வெளியே திறந்துவிட்டிருப்பார்கள். இண்டர்நெட்டில் திறந்த 1433-ஐத் தேடுவதற்கென்றே ஓடும் நிரல்கள் இருக்கின்றன. அவை எஸ்ஏ என்ற பெயரையும் எளிய பாஸ்வேர்டுகளையும் போட்டுப் போட்டுப் பார்க்கும். எரர்லாக்கில் உங்களுக்குத் தெரியாத ஐபிகளிலிருந்து 18456 வரிசையாக நிற்கிறதென்றால் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். எஸ்ஏ கிடைத்தவனுக்கு அந்தக் கணினியே கிடைத்த மாதிரி.

வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால் விபிஎன் (இண்டர்நெட் வழியே கடை வலைப்பின்னலுக்குள் வரும் மறைவான தனிப் பாதை) போடுங்கள். ரௌட்டரில் அந்தப் போர்ட்டை இன்றைக்கே மூடுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

"பேக்கப்பைப் புது சிஸ்டத்துல ரீஸ்டோர் பண்ணினேன். லாகின் ஆகுது, ஆனா உள்ள விட மாட்டேங்குது."

4060 வருகிறதா? சர்வர் உங்களை ஏற்றுக்கொண்டது, நீங்கள் கேட்ட டேட்டாபேஸைத் திறந்துவிடவில்லை. முதலில் பெயரைப் பாருங்கள். ரீஸ்டோர் செய்தவர் வேறு பெயர் வைத்திருப்பார். பெயர் சரியென்றால் அநாதையாகிப்போன யூசர்தான் காரணம். லாகின் சர்வரில் இருக்கிறது, யூசர் டேட்டாபேஸுக்குள் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது பெயர் அல்ல, உள்ளே இருக்கும் ஓர் அடையாள எண். புது சர்வரில் அதே பெயரில் லாகின் உருவாக்கினாலும் எண் வேறாகிவிடும். 'ஆல்டர் யூசர்' கட்டளையில் 'வித் லாகின்' சேர்த்து இரண்டையும் மறுபடி முடிச்சுப் போட்டால் சரியாகும்.

229 வந்தால் டேட்டாபேஸுக்குள்ளும் போய்விட்டீர்கள், குறிப்பிட்ட டேபிளைத் தொட அனுமதி இல்லை. 3169 வந்தால் ரீஸ்டோரே நடக்கவில்லை. புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் பழைய பதிப்பு ஏற்காது. 2019-இல் எடுத்ததை 2014-இல் இறக்க எந்தத் தந்திரமும் கிடையாது. இங்கேயும் 2019 போடுங்கள்.

"புதுசா வாங்கின கம்ப்யூட்டருங்க, விண்டோஸ் 11. எஸ்க்யூஎல் இன்ஸ்டாலே ஆக மாட்டேங்குது."

கடைசிப் படியில் 'டேட்டாபேஸ் என்ஜின் ரெகவரி ஹேண்டில் ஃபெயில்ட்' என்று நிற்கிறதா? இதற்குப் பல காரணம் இருக்கலாம். ஆனால் புதுக் கணினி, என்விஎம்இ என்ற வேகமான புது வகை டிஸ்க், விண்டோஸ் 11 மூன்றும் சேர்ந்திருந்தால் நான் முதலில் பார்ப்பது டிஸ்கின் செக்டர் அளவை, அதாவது டிஸ்க் ஒரே தடவையில் எழுதும் துண்டின் அளவை. எஸ்க்யூஎல் சர்வர் 512 அல்லது 4096 பைட் செக்டரோடு மட்டும்தான் ஒத்துப்போகும். சில புது டிஸ்குகள் அதைவிடப் பெரிய எண்ணைச் சொல்கின்றன. விண்டோஸ் 11 அதை மறைக்காமல் அப்படியே எடுத்துச் சொல்ல, சர்வீஸ் எழ மறுக்கிறது.

அட்மினாக கமாண்ட் பிராம்ப்ட் திறந்து எஃப்எஸ்யூடில் கட்டளையில் செக்டர் இன்ஃபோ கேட்டால் தெரிந்துவிடும். 4096-க்கு மேல் காட்டினால், ரிஜிஸ்ட்ரியில் என்விஎம்இ டிரைவரின் அமைப்பில் செக்டர் அளவைக் கட்டாயமாக 4 கேபி என்று சொல்ல வைக்கும் ஒரு மதிப்பைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கும் வழிதான் இது. ரிஜிஸ்ட்ரியில் பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம், தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். எனக்கு இது முதன்முதலில் மாட்டியபோது கணினி விற்றவரோடு ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டேன். பாவம், அவர் மேல் தப்பில்லை.

"பில் போடறப்ப 'டைம்அவுட் எக்ஸ்பயர்ட்'. அதுவும் கூட்ட நேரத்துலதான் வருது."

மென்பொருளைத் திறக்கும்போதே, சுமார் 15 விநாடியில் வந்தால் அது கனெக்‌ஷன் சிக்கல்; 26, 40 கேள்விகளுக்குப் போங்கள். உள்ளே நன்றாக ஓடிக்கொண்டிருந்து, சேவ் அழுத்தி 30 விநாடி கழித்து வந்தால் வேறு. மென்பொருள் எழுதியவர் மாற்றாவிட்டால் ஒரு வேலைக்காக அது காத்திருக்கும் நேரம் 30 விநாடி.

பெரும்பாலும் ஒருவர் பிடித்து வைத்திருப்பதற்காக இன்னொருவர் காத்திருக்கிறார். ஒரு ஜவுளிக்கடையில் தினமும் பதினொரு மணிக்கு எல்லாக் கவுண்டரும் உறைந்துபோகும். நாலாவது கவுண்டர்ப் பெண் ஒரு பில்லைத் திருத்தத் திறந்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். அந்த மென்பொருள் திருத்தத் திறந்ததுமே ஸ்டாக் டேபிளைப் பூட்டிவிடும், சேவ் ஆகும்வரை விடாது. அவர் வந்து பில்லை மூடியதும் எல்லாம் ஓடும். 'எஸ்பி ஹூ 2' என்ற கட்டளையைப் போட்டால் யாரை யார் தடுக்கிறார்கள் என்று ஒரு நெடுவரிசையில் காட்டும். அந்தக் கணினியின் பெயரும் இருக்கும். டீக்கு முன் பில்லை மூடச் சொன்னது தற்காலிக மருந்து. உண்மையில் திருத்த வேண்டியது மென்பொருளை எழுதியவர்.

யாரும் யாரையும் தடுக்கவில்லை, வருட ரிப்போர்ட் எடுக்கும்போது மட்டும் வருகிறது என்றால் பாரம் கூடிவிட்டது. எக்ஸ்பிரஸ் எவ்வளவு ரேம் இருந்தாலும் தன் டேட்டா நினைவகத்துக்கு சுமார் 1.4 ஜிபிக்கு மேல் எடுக்காது. 32 ஜிபி ரேம் வாங்கிப் போட்டவரிடம் இதைச் சொல்வது சங்கடமான வேலை.

"'டெட்லாக் விக்டிம்'னு வருது. வைரஸாங்க?"

இல்லை. எண் 1205. இரண்டு கவுண்டர்கள் ஒன்று பிடித்திருப்பதை மற்றொன்று கேட்டு, இரண்டும் நகர முடியாமல் நிற்கும்போது, சர்வர் ஒன்றைத் தள்ளிவிட்டு மற்றொன்றை விடுகிறது. தள்ளப்பட்டவர் மறுபடி சேவ் அழுத்தினால் போகும். எப்போதாவது வந்தால் விட்டுவிடுங்கள். தினம் வந்தால் மென்பொருள்காரரிடம் சொல்லுங்கள்.

"'பிரைமரி ஃபைல்குரூப் ஃபுல்'னு வருது. டிஸ்க்ல 200 ஜிபி காலியா இருக்குதே?"

டிஸ்க் நிறையவில்லை, உங்கள் இலவச ஒதுக்கீடு நிறைந்துவிட்டது. எக்ஸ்பிரஸில் ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளராது. 2008 வரை இது 4 ஜிபியாக இருந்தது, 2008 ஆர்2-இல் 10 ஆனது, 2025 பதிப்பில் 50 ஆக்கியிருக்கிறார்கள். 1105 அல்லது 1827 என்ற எண் வந்தால் எம்டிஎஃப் அளவைப் பாருங்கள். எல்டிஎஃப் இந்தக் கணக்கில் சேராது.

பில்களால் மட்டும் 10 ஜிபி நிறைய நெடுநாள் ஆகும். பெரும்பாலும் பொருளின் போட்டோவையும் ஸ்கேன் செய்த பில்லையும் டேட்டாபேஸுக்குள்ளேயே திணித்திருப்பார்கள், அல்லது யார் எப்போது எதைத் தொட்டார் என்று எழுதும் டேபிள் ஒன்று யாரும் பார்க்காமல் வளர்ந்திருக்கும். பேக்கப் எடுத்துக்கொண்டு பழையதைக் கழியுங்கள். கழித்த இடம் கோப்புக்குள்ளேயே திரும்பப் பயன்படும். இந்த வரம்பு ஒரு டேட்டாபேஸுக்கு உரியது, முழு சர்வருக்கு அல்ல. ஏப்ரல் 1-இல் புது நிதியாண்டுக்குப் புது டேட்டாபேஸ் தொடங்கும் மென்பொருட்கள் அதனால்தான் இதில் மாட்டுவதில்லை.

"எல்டிஎஃப் மட்டும் 40 ஜிபி. அதை அழிச்சுட்டா என்ன?"

அழிக்காதீர்கள். அது குப்பை அல்ல, பாதியில் நின்ற வேலையை முடிக்க சர்வர் பார்க்கும் நாட்குறிப்பு. அது வளர்ந்துகொண்டே போகக் காரணம், டேட்டாபேஸ் 'ஃபுல் ரெகவரி' முறையில் இருந்தும் யாரும் லாக் பேக்கப் (அந்த நாட்குறிப்புக்கான தனி பேக்கப்) எடுக்காதது. டிஸ்க் நிறைந்தால் 9002 வந்து பில் நின்றுவிடும். தினமும் முழு பேக்கப் எடுத்தால் போதும், இடையில் மதியம் 3 மணி நிலைக்குத் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை என்றால், 'சிம்பிள்' என்று மாற்றி ஒருமுறை மட்டும் அந்தக் கோப்பைச் சுருக்குங்கள்.

"பேக்கப் எடுத்தா 'ஆக்சஸ் ஈஸ் டினைட்'. நான்தானுங்க அட்மின்!"

பேக்கப்பை எழுதுவது நீங்கள் இல்லை, சர்வீஸ். அது தனக்கென்று ஒரு கணக்கில் ஓடுகிறது. உங்கள் டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ எழுத அதற்கு உரிமை இல்லை. டி டிரைவில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அந்தக் கணக்குக்கு எழுதும் அனுமதி கொடுங்கள். அங்கே எடுத்துவிட்டுப் பிறகு பென்டிரைவுக்கு நகலெடுங்கள்.

கவுண்டரிலிருந்து பேக்கப் கொடுப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம்: நீங்கள் சொல்லும் டி டிரைவ் சர்வரின் டி டிரைவ். "எடுத்தாச்சுன்னு வருது, ஃபைலைக் காணோம்" என்றால் சர்வரில் போய்ப் பாருங்கள், அங்கே இருக்கும்.

எக்ஸ்பிரஸில் தானாக பேக்கப் எடுக்கும் ஏஜென்ட் கிடையாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் இரவு வேலையாகப் போட்டுவையுங்கள்.

"எம்டிஎஃப் இருக்கிற ஃபோல்டரையே கூகுள் டிரைவுல வெச்சுட்டேன். பேக்கப் தனியா எதுக்கு?"

சர்வீஸ் ஓடும்போது அந்தக் கோப்பை அது பிடித்து வைத்திருக்கும். ஒத்திசைக்கும் மென்பொருள் அதை முழுதாக எடுக்க முடியாது. சர்வீஸ் எழும் நேரத்தில் முந்திக்கொண்டு அதைப் பிடித்துவிட்டாலோ டேட்டாபேஸ் திறக்காது. பேக்கப் கோப்பை அங்கே வையுங்கள், எம்டிஎஃப்பை வேண்டாம். ஆன்டிவைரஸுக்கும் இதே பேச்சு: எம்டிஎஃப், எல்டிஎஃப் இருக்கும் ஃபோல்டரை அதன் சோதனையிலிருந்து விலக்குங்கள்.

"டேட்டாபேஸ் பேருக்குப் பக்கத்துல 'சஸ்பெக்ட்'னு போட்டிருக்குதுங்க. போச்சா?"

இன்னும் போகவில்லை. போக்கிவிடாமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது. முதலில் அந்த வார்த்தையைச் சரியாகப் படியுங்கள். 'ரெகவரி பெண்டிங்' என்றால் சர்வர் கோப்பைத் திறக்கவே முடியவில்லை: டிரைவ் காணவில்லை, டிஸ்க் நிறைந்துவிட்டது, வேறு மென்பொருள் பிடித்திருக்கிறது. காரணத்தை நீக்கி சர்வீஸை மறுபடி எழுப்பினால் பெரும்பாலும் திரும்பிவிடும். 'சஸ்பெக்ட்' என்றால் திறந்து, மீட்க ஆரம்பித்து, தோற்றுவிட்டது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது, அல்லது டிஸ்க் சாகத் தொடங்கியது. எரர்லாக்கில் 823, 824 இருந்தால் டிஸ்கைச் சந்தேகப்படுங்கள்.

செய்ய வேண்டியது: சர்வீஸை நிறுத்துங்கள். எம்டிஎஃப், எல்டிஎஃப் இரண்டையும் வேறு டிஸ்குக்கு நகலெடுங்கள். பிறகு கடைசி பேக்கப் எங்கே என்று தேடுங்கள். நேற்றிரவு பேக்கப் இருந்தால் அதை இறக்கி, இன்றைய பில்களைக் கையில் இருக்கும் நகலிலிருந்து போட்டுவிடுவது எல்லாவற்றிலும் பத்திரமான வழி.

செய்யக்கூடாதது: டீடாச். சஸ்பெக்டில் இருப்பதைக் கழற்றிவிட்டால் பிறகு சாதாரணமாக மாட்ட முடியாது. ஒரு மருந்துக்கடையில் யாரோ இணையத்தில் பார்த்து முதலில் டீடாச் செய்து, அட்டாச் ஆகவில்லை என்றதும் "லாக்தானே" என்று எல்டிஎஃப்பையும் அழித்திருந்தார்கள். பேக்கப் பென்டிரைவ் இருந்தது. அதில் கடைசித் தேதி ஏழு மாதத்துக்கு முந்தையது. இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் மாறும் அந்த ஒரு நொடியில் கணினி அணைந்துவிடும் கடை அது. மூன்று நாள் உட்கார்ந்து முக்கால்வாசி மீட்டோம். மிச்சத்தைக் கொள்முதல் பில் கட்டுகளை விரித்துவைத்து அந்த வீட்டு அம்மா கையால் ஏற்றினார். சர்வர் கணினிக்கு மட்டுமாவது தனி யூபிஎஸ் வாங்குங்கள்.

பேக்கப்பே இல்லை என்றால் மட்டும், எமர்ஜென்சி முறையில் திறந்து படிக்க முடிகிற டேபிள்களை முதலில் வெளியே எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு, டேட்டாபேஸைச் சோதிக்கும் செக்டிபி கட்டளையின் 'ரிப்பேர் அலவ் டேட்டா லாஸ்'. பெயரிலேயே சொல்லியிருக்கிறார்கள்: கெட்ட பக்கங்களை அது வெட்டி எறியும். எந்தப் பில் அதில் இருந்தது என்று கேட்காது. இதைத்தான் சிலர் முதல் மருந்தாகவே கொடுக்கிறார்கள்.

"மத்த கவுண்டரெல்லாம் ஓடுது. புது கவுண்டர்ல 'எஸ்எஸ்எல் செக்யூரிட்டி எரர்'."

உங்கள் சர்வர் 2008 ஆர்2 அல்லது 2012-ஆக இருக்கும். கனெக்சனை மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் என்ற முறையில், புதுக் கவுண்டரில் பழைய 1.0 மூடப்பட்டிருக்கும், சர்வருக்கு 1.2 தெரியாது. இருவருக்கும் பொது மொழி இல்லை. 2016-க்கு முந்தைய பதிப்புகளில் 1.2 பேச தனி அப்டேட் போட்டாக வேண்டும். புதுக் கணினியில் 1.0-ஐத் திறந்துவிடுவதைவிட சர்வரைப் புதுப்பிப்பதே நல்லது. 2008 ஆர்2-க்கு மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2019 ஜூலையிலேயே முடிந்துவிட்டது.

'சர்டிஃபிகேட் நம்பகமானதில்லை' என்று வந்தால் இதற்கு நேர் எதிர்: டிரைவர் புதிது. 2022-இல் வந்த ஓடிபிசி டிரைவர் (மென்பொருளை சர்வரோடு பேச வைக்கும் துணை நிரல்) 18 முதல், கேட்காமலே மறையாக்கம் செய்யப்பட்ட கனெக்‌ஷனைத்தான் கேட்கும். சர்வர் தானே எழுதிக்கொண்ட சான்றிதழை அது ஏற்காது. கடைக்குள் மட்டும் ஓடும் வலைப்பின்னலில் 'டிரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட்' என்பதை எஸ் என்று வைத்தால் போதும்.

"இத்தனையும் பாத்துட்டேன், தீரலை. ஆளைக் கூப்பிடறப்ப என்ன சொல்லணும்?"

எரரின் போட்டோ, எத்தனை கவுண்டரில் வருகிறது, சர்வரில் திறக்கிறதா, கடைசி பேக்கப் என்றைக்கு, அதற்கு முந்தின நாள் கடையில் என்ன நடந்தது (கரண்ட், ரௌட்டர், விண்டோஸ் அப்டேட்). கூடவே எரர்லாக். சர்வரின் சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர், அதற்குள் எம்எஸ்எஸ்க்யூஎல் என்று தொடங்கி 15 அல்லது 16 என்ற எண்ணோடு ஒரு ஃபோல்டர் (15 என்றால் 2019, 16 என்றால் 2022), அதனுள் எம்எஸ்எஸ்க்யூஎல், அதனுள் லாக் ஃபோல்டரில் 'எரர்லாக்' என்று கடைசிப் பெயர் இல்லாத ஒரு கோப்பு இருக்கும். நோட்பேடில் திறக்கும். ஒவ்வொரு முறை சர்வீஸ் எழும்போதும் புதிதாகத் தொடங்கி, பழையவற்றுக்கு .1, .2 என்று எண் போட்டு ஆறு வரைக்கும்தான் வைத்திருக்கும். அதனால் சர்வீஸை ஏழெட்டு முறை நிறுத்தி எழுப்பிப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஃபோல்டரை ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.